காப்பர் வயர் போட்ட காரணம்

பழைய காருக்கு ப்ளக் வயர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு. வயருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் வயரைப் பற்றிக் கேட்கவே இல்லை, சார்ஜென்ட், தெரியும். மானிட்டரைப் பற்றித்தான் கேட்டீர்கள். மூன்று தடவை சோதித்துப் பார்த்தோம், நன்றாகத்தானே வேலை செய்கிறது, அப்புறம் எப்படி உங்களுக்குக் கேட்காமல் போனது என்றீர்கள். அதற்குப் பதில் வயரில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். டீ ஆறினால் பரவாயில்லை. இரண்டு வருடமாக நான் ஆறின டீதான் குடிக்கிறேன்.

என்னிடம் இருப்பது 1929-ஆம் வருடத்து ஆஸ்டின் செவன். நாலு சிலிண்டர், நாலு ஸ்பார்க் ப்ளக், ஒவ்வொரு ப்ளக்குக்கும் ஒரு வயர். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் அந்த வயர் வழியாகப் போய் ப்ளக்கின் முனையில் பொறியாக விழும். இப்போது கடையில் விற்கிற வயர்கள் பலவற்றில் உள்ளே கம்பியே கிடையாது. கரி ஏற்றிய நூல்தான். செம்புக் கம்பியாக இருந்தால் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு ரேடியோ இரைச்சல் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவும். கரி நூல் அதை அடக்கிவிடும். ஆனால் என் வண்டி மாதிரிப் பழைய வண்டிகளில் வயரைத் திருகாணியால் குத்தித்தான் பிடிக்க வைத்திருப்பார்கள். கரி நூல் அந்தக் குத்தலைத் தாங்காது, ஒரே மாதத்தில் இன்ஜின் தடுமாற ஆரம்பித்துவிடும். ஆகவே எங்கள் கிளப்பில் எல்லாரும் செம்பு வயர்தான் போடுவார்கள். காப்பர் என்போம். மேலே கருப்புப் பருத்தி நூல் பின்னியது, முனையில் பித்தளை.

இரைச்சலுக்கும் ஒரு வழி இருக்கிறது. காப்பர் வயரைப் போட்டுவிட்டு, ப்ளக்கின் தலையில் அதை அடக்குகிற கேப் ஒன்றை மாட்டினால் போதும். கட்டைவிரல் அளவு, கருப்பு நிறம், ஒரு சுற்றுச் சுற்றினால் உட்கார்ந்துவிடும். நாலு கேப் மாட்ட எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். நான் முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் பழுது பார்த்தவன். கரகரப்பு எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தெல்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். அவள் வர்க்ஸ்வொர்த் நூலகத்தில் இருந்தாள். பகல் முழுக்க எல்லாரையும் பேசாதே பேசாதே என்று அதட்டுவாள், வீட்டுக்கு வந்து அத்தனையையும் தானே சேர்த்துப் பேசித் தீர்ப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கையிலிருந்து கோப்பை நழுவியது. அடுத்த வாரம் மறுபடியும். ஷெஃபீல்டில் டாக்டர் பார்த்துவிட்டு நரம்பை அரிக்கிற நோய் என்றார். முதலில் கை போயிற்று, பிறகு கால், பிறகு கழுத்து. இந்த வசந்தத்தில் விழுங்குவதும் போகத் தொடங்கியது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் இருந்தது, கொஞ்சம் குழறலாக.

எச்சில்தான் ஆபத்து. உங்களுக்கும் எனக்கும் எச்சில் புரைக்கேறினால் இரண்டு இருமலில் சரியாகிவிடும். அவளுக்கு இருமப் பலமில்லை. யாராவது தூக்கி உட்காரவைத்து, முன்பக்கம் சாய்த்து, முதுகைத் தட்டி, வாய்க்குள் விரல்விட்டுத் துடைக்க வேண்டும். அதுவும் மூன்று நான்கு நிமிடத்துக்குள். நர்ஸ் பெர்னடெட் ஒரு காலைப்பொழுது முழுக்க எனக்கு அதைப் பழக்கிக் கொடுத்தார்.

"எப்பவும் கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கணும், மிஸ்டர் கார்லிக். தோட்டத்துக்குப் போனாலும் காது இங்கயே இருக்கணும்," என்றார்.

அவர் தினமும் ஒரு மணி நேரம் வருவார். தெல்மாவின் தங்கை பெரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவாள். மிச்ச நேரமெல்லாம் நான்தான். என் கராஜ் முற்றத்துக்கு அந்தப் பக்கம், பின்கதவிலிருந்து பதினெட்டு அடி வைத்தால் வந்துவிடும். அதற்காகத்தான் பேபி மானிட்டர் வாங்கினேன். குழந்தையின் தொட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்பார்களே, அம்மா கையில் இன்னொரு பெட்டி இருக்குமே, அதுதான். கடையில் இருந்த பெண் பேரனா பேத்தியா என்று கேட்டாள். மனைவி என்றேன். வீட்டுக்கு வந்து தெல்மாவிடம் சொன்னதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அறுபத்தோரு வயசுல நம்ம வீட்டுல குழந்தை பொறந்திருக்கு பாரு. யாரு ஜாடைன்னு எவனாவது கேட்டா பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லிடு."

சிரித்ததில் புரைக்கேறிவிட்டது. தூக்கி உட்காரவைத்தேன். இரண்டு நிமிடத்தில் சரியானது. அவளைச் சிரிக்க வைக்கவே பயமாகிப் போன வீடு அது.

ஆகஸ்டில் மேட்லாக்கில் எங்கள் கிளப்பின் ஷோ. வண்டி அது பிறந்த வருடத்தில் இருந்த மாதிரியே இருக்கிறதா என்று ஒவ்வோர் ஆணியாகப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கேப் மாட்டியிருந்தால் கட்டாயம் குறைப்பார்கள், அந்தக் காலத்தில் அது கிடையாது. மே மாதக் கடைசியில் என் பழைய வயர்களைக் கழற்றிவிட்டுப் புதுக் காப்பர் வயர்களை, வெறும் பித்தளை முனையோடு மாட்டி ஸ்டார்ட் செய்தேன். மானிட்டர் வாங்கிய பிறகு இன்ஜினை ஓடவிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. மானிட்டர் மேஜைமேல் இருந்தது. அதுவரை தெல்மாவின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடியதும் மூச்சு போய் டக்டக்டக் என்ற இரைச்சல்தான் வந்தது. பதறி இன்ஜினை அணைத்தேன். "எத்தனை தடவடா கூப்பிடறது, தண்ணி," என்று அவள் குரல் வந்தது. ஓடினேன். அன்றைக்கு நான் நிஜமாகவே ஓடினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரில் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் சிரிலிடம் சொன்னேன். அவனும் நானும் நாற்பது வருடமாகப் பழக்கம்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டிருக்க? கேப் மாட்டு. ஷோ அன்னிக்குக் காலைல கழட்டி பாக்கெட்டுல போட்டுக்க. யாரு பாக்கப் போறான்?" என்றான்.

அவனே நாலு கேப் கொண்டுவந்து கொடுத்தான். மாட்டினேன். இன்ஜின் ஓடும்போதே அவள் மூச்சு கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். கார்புரேட்டரைத் திருக ஆரம்பித்தேன்.

"வில்ஃப், மூக்கு அரிக்குது."

போய்ச் சொறிந்துவிட்டு வந்தேன்.

"வில்ஃப், தலைமுடி கண்ணுல விழுந்திருக்கு."

போனேன். தலையணை சரிந்தது. போனேன். ரேடியோவில் ஸ்டேஷன் நகர்ந்துவிட்டது. போனேன்.

"வில்ஃப், ஒரு ஈ என் நெத்தியில உக்காந்து கைகாலைத் தொடச்சிக்கிட்டிருக்கு. நீ வண்டியைத் தொடைக்கறதைவிட நல்லாவே தொடைக்குது. வந்து வெரட்டு."

அன்று மதியம் பதினொரு தடவை போய் வந்தேன். ஒன்றுகூட அநியாயமான கூப்பிடல் இல்லை. தன் நெற்றியில் உட்கார்ந்த ஈயை ஓட்ட முடியாதவள் வேறு யாரைக் கூப்பிடுவாள்? எனக்கு அவள்மேல் கோபமே கிடையாது. அவள் செத்துக்கொண்டிருந்தாள், என்னால் அதைத் தடுக்க முடியவில்லை, ஈயை மட்டும்தான் ஓட்ட முடிந்தது. பதினொன்றாவது தடவை முற்றத்தில் வரும்போது நடுவில் நின்றுவிட்டேன். முன்னாலும் போகப் பிடிக்கவில்லை, பின்னாலும் போகப் பிடிக்கவில்லை. துணி காயப்போடுகிற கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் கேப்புகளைக் கழற்றிவிட்டேன். பொறி கொஞ்சம் மங்கலாக விழுகிற மாதிரி இருந்தது. கேப் மாட்டினால் பொறி மங்கும் என்று கிளப்பில் சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று நானே அவர்களிடம் பல தடவை வாதாடியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு மங்கலாகத் தெரிந்தது.

தினமும் மதியம் இரண்டரைக்கு, அவளுக்குக் கஸ்டர்ட் ஊட்டி வாய் துடைத்துவிட்டு, ரேடியோவில் மதிய நாடகத்தை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போவேன். மூன்று பத்துக்கு இன்ஜினை அணைப்பேன். நாற்பது நிமிடம். முதல் வாரத்தில் பதினைந்து நிமிடமாகத்தான் இருந்தது. தானாகவே கூடிவிட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் கேட்டாள்.

"நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணினா என் ரேடியோ கரகரன்னு கத்துது. கொலைகாரன் யாருன்னு சொல்ற நேரம் பாத்து கத்துது. உன் பெட்டியும் அப்படித்தான் கத்துதா?"

"இல்ல. உன் ரேடியோ பழசு, அதான்."

"நான் கூப்பிட்டா கேக்குமா?"

"நீ மூச்சு விடறதே கேக்குது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளால் திருப்ப முடிந்தது கண்ணை மட்டும்தான். அந்தக் கண்ணாலேயே முப்பது வருடம் நூலகத்தை ஆண்டவள்.

"பொய் சொன்னா உன் காது செவக்கும்," என்றாள்.

"என் காது எப்பவுமே செவப்புதான்."

"அதுவும் சரிதான். வாயைத் தொட."

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரில் வந்திருந்தாள். அவள் வந்தாலே கையில் பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரியும் வாயில் கிண்டலும் இருக்கும்.

"என்ன வில்ஃப், சக்களத்தி கூப்பிடறாளா? இன்னும் கராஜுக்குக் கெளம்பலையா?" என்றாள்.

"சக்களத்தின்னு என்னைச் சொல்லு. அவதான் மூத்தவ. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தவ," என்றாள் தெல்மா.

நான் போய் வழக்கம்போல ஓட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். பெரில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சரியில்லை.

"வில்ஃப், கொஞ்சம் முன்னாடி பெட்டியில ஒண்ணு சொன்னேனே. கேட்டுச்சா?" என்றாள் தெல்மா.

"கேட்டுச்சு."

"என்ன சொன்னேன்?"

மேஜையில் இரண்டு காலிக் கோப்பை இருந்தது. "சீக்கிரம் வா, டீ போடணும்னு சொன்ன," என்றேன்.

பெரில் வாயைத் திறந்தாள். தெல்மா முந்திக்கொண்டாள்.

"அதேதான். பாத்தியா பெரில், இவனுக்குப் பாம்புக் காது. போ, போய்ப் போடு."

நான் போய் டீ போட்டேன். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். கெட்டில் கொதிக்கும்போது சீட்டிகூட அடித்தேன் என்று நினைவு.

ஆகஸ்ட் ஷோவில் இரண்டாம் பரிசு. அன்றைக்குப் பெரில்தான் தெல்மாவோடு இருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்த நடுவர் வயருக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். இருக்கைத் தோலில் குறைத்துவிட்டார். வந்து சொன்னேன்.

"ரெண்டாவதா? மொதல்ல வந்தவனை அவன் பொண்டாட்டி நிம்மதியா விட்டிருப்பா," என்றாள் தெல்மா.

ஷோ முடிந்தது. சார்ஜென்ட், இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக எழுதுங்கள். அதற்குப் பிறகு கேப் இல்லாமல் ஓட்ட எனக்கு ஒரு காரணமும் கிடையாது. நாலு கேப்பும் மேஜை டிராயரில், கந்தல் துணிக்கு அடியில் இருந்தன. இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. ஆகஸ்டில் மாட்டவில்லை. செப்டம்பரில் மாட்டவில்லை. ஷோ முடிந்த வண்டியைத் தினமும் நாற்பது நிமிடம் ஓடவிட வேண்டிய அவசியமும் கிடையாது. பேட்டரிக்கு நல்லது என்று சிரிலிடம் சொன்னேன். நல்லவன், நம்பினான்.

அந்த நாற்பது நிமிடமும் நான் வண்டியைத் தொடுவதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். மேஜையில் மானிட்டர் டக்டக்டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் என் பெயர் வராது. இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே போயிருந்தால் அவளை விட்டுவிட்டுப் போனவன் ஆகியிருப்பேன். மானிட்டரை அணைத்திருந்தால் அணைத்தவன் ஆகியிருப்பேன். நான் எதையும் அணைக்கவில்லை. பதினெட்டு அடி தூரத்தில், மானிட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. பேரிக்காயை மசித்துக் கொடுத்தேன். பாதிதான் இறங்கியது. ரேடியோவை வைத்துவிட்டுப் போனேன். இரண்டரைக்கு இன்ஜின் ஓடியது, மூன்று பத்துக்கு அணைத்தேன். மானிட்டரில் நாடகம் மட்டும் கேட்டது, மூச்சு கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். உதடு நீலமாகியிருந்தது. தூக்கி உட்காரவைத்து, முன்பக்கம் சாய்த்து, முதுகைத் தட்டினேன். பெர்னடெட் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தேன். ரொம்ப நேரம் செய்தேன் போலிருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள்தான் என் கையைப் பிடித்து விலக்கினார்கள். இன்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று அன்றைக்கு உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, இந்த நோயில் இது சகஜம்தானாம் சார் என்றார்.

நான் அப்படியே விட்டிருப்பேன். பெரில் கெடுத்துவிட்டாள். அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு, எங்கள் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நான்தான் கொன்னுட்டேன், வில்ஃப். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். அன்னிக்கு அக்கா பெட்டியில டீ போடச் சொல்லவே இல்ல. 'வில்ஃப், கேக்குதுன்னா ஓடி வந்து எனக்கு ஒரு முத்தம் குடு'ன்னுதான் சொன்னா. ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தோம். நீங்க வரவே இல்ல. அப்பறம் வந்து டீன்னீங்க."

கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

"நீங்க போனதும் நான் கத்தினேன். 'அவருக்குக் கேக்கலக்கா, அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஏற்பாடு பண்ணணும்'னேன். சத்தியம் வாங்கிட்டா என்கிட்ட. 'ரேடியோ கரகரத்தா அவனுக்குக் காது கேக்காதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்டி. அந்த நேரத்துல நான் கூப்பிடறதே இல்ல. பகல்ல ஒரு மணி நேரமாவது அவன் நான் இல்லாம இருக்கட்டும். என்னால அவனுக்குக் குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்'னா. நான் வாயை மூடிக்கிட்டேன். சொல்லியிருந்தா நீங்க சரி பண்ணியிருப்பீங்க. பாவம், உங்களுக்குத் தெரியவே தெரியாதே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தப்பு இல்ல பெரில்," என்று மட்டும் சொன்னேன். எனக்கும் தெரியும் என்று சொல்லவில்லை. அவள் இப்போது தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. நேற்று இங்கே வந்து தன்மேல் கேஸ் போடச் சொன்னாளாமே. நீங்கள் சமாதானம் சொல்லி அனுப்பினீர்களாம். அதனால்தான் வந்தேன். அவள்மேல் ஒன்றும் எழுத வேண்டாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முத்தம் வராமல் போனது மட்டும்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கான்ஸ்டபிளிடம் சொன்னதில் ஒரு வரியை மாற்ற வேண்டும்.

தெல்மாவின் இருமலில் நாலு வகை எனக்குத் தெரியும். முதல் மூன்றும் தானாக அடங்கிவிடும். நாலாவது இருமல் மாதிரியே இருக்காது, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அது வந்தால் ஓட வேண்டும். அந்த வியாழக்கிழமை நான் மானிட்டரை மேஜையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கை ஸ்டார்ட்டரில் இருந்தது. இன்ஜின் இன்னும் ஓடவில்லை. அப்போது அந்தச் சத்தம் வந்தது. தெளிவாகக் கேட்டது. இரண்டு தடவை. பிறகு என் பெயரின் முதல் பாதி.

நான் முற்றத்தைப் பார்த்தேன். பதினெட்டு அடிதான். முந்தின நாள் நான்கு தடவை தூக்கி உட்காரவைத்திருந்தேன், அதற்கு முந்தின நாள் ஆறு தடவை. நாளைக்கும் உண்டு. என் கால் எழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கையில் ஒரு குறையும் இல்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது, மானிட்டர் டக்டக்டக் என்று அடிக்க ஆரம்பித்தது. ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். இதைக் கொலை என்றுதான் எழுதுவீர்கள் என்றால் எழுதுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் பெரில் சொன்னதையும் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள், அதுதான் நியாயம். தெல்மா எனக்காக ஒதுக்கி வைத்தது ஒரு மணி நேரம். நான் எடுத்துக்கொண்டது நாற்பது நிமிடம்தான்.